குறையும் கடனும்: பிரெஞ்சில் 'வேண்டும்' என்று சொல்வது

வோல்தேரின் 'காந்தீத்' 1759இல் வெளிவந்தது. அல்பேர் காம்யுவின் 'சிசிஃபஸ் தொன்மம்' வந்தது 1942இல். முன்னது கதை, பின்னது தத்துவக் கட்டுரை. நடுவே 183 ஆண்டுகள். ஆனாலும் இரண்டின் கடைசி வாக்கியமும் ஒரே வினையை ஊன்றி நிற்கிறது: 'இல் ஃபோ'. வோல்தேரில் அந்த வினைக்குப் பின்னே ஒரு தோட்டமும் அதில் செய்யவேண்டிய வேலையும் வருகின்றன. காம்யுவில், பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டே இருக்கத் தண்டிக்கப்பட்ட ஒருவனின் மகிழ்ச்சி வருகிறது.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஆங்கில மொழிபெயர்ப்பாளருக்கு ஒரே இடத்தில் தொல்லை கொடுக்கும். 'இல் ஃபோ'வில் ஆள் இல்லை. யார் செய்ய வேண்டும் என்பதை அந்த வினை சொல்லாது. முன்னால் நிற்கும் 'இல்' வேறு இடங்களில் 'அவன்' என்று பொருள்படும். இங்கே அதற்குப் பொருள் ஏதுமில்லை, இலக்கணம் கேட்கிறது என்பதற்காக நிற்கிறது. ஆங்கிலத்தின் 'மஸ்ட்' என்ற துணைவினைக்கோ எழுவாய் கட்டாயம். 'நாம்' என்றோ 'ஒருவர்' என்றோ எதையாவது முன்னால் வைத்தாக வேண்டும். வைத்த உடனே, யார்மீதும் ஏறாமல் இருந்த பாரம் ஒருவர் தோளில் இறங்கிவிடுகிறது. வாக்கியத்தின் தத்துவமே சற்று மாறிப்போகிறது.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. 'செய்ய வேண்டும்' என்று முடித்துவிடலாம். நான், நீ, அவள், அவர்கள், அது எதுவானாலும் 'வேண்டும்' மாறுவதில்லை. திணை, பால், எண், இடம் எதற்கும் அது வளைவதில்லை. 'இல் ஃபோ'வும் அப்படித்தான். காலத்துக்கு ஏற்ப உருமாறும், ஆளுக்கு ஏற்ப மாறாது.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளியிலோ கல்லூரியிலோ பிரெஞ்சு எடுக்கும் மாணவர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே அதைப் படிக்கிறார்கள். 'இல் ஃபோ'வுக்கு நேரே 'மஸ்ட்', 'தெவ்வார்' என்ற வினைக்கு நேரே மறுபடியும் 'மஸ்ட்' அல்லது 'ஹேவ் டு' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். இரண்டு பிரெஞ்சு வினைகளும் ஒன்றே என்ற எண்ணம் அப்போதே பதிந்துவிடுகிறது. அவை ஒன்றல்ல. ஒன்று குறையிலிருந்து பிறந்தது, மற்றது கடனிலிருந்து பிறந்தது. குறையையும் கடனையும் வைத்து அவற்றை விளக்கத் தமிழே போதும். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தேவையில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இதுதான். பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் ஏறத்தாழத்தான் காட்ட முடியும் என்பதை மட்டும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

முதலில் குறை. 'இல் ஃபோ' என்பதன் அகராதி வடிவம் 'ஃபல்வார்'. இதன் வேர் லத்தீனில் 'ஃபல்லெரே': ஏமாற்றுதல், கைவிடுதல், தவறுதல். இதே வேரிலிருந்து பிரெஞ்சில் 'ஃபயீர்' என்ற இன்னொரு வினையும் வந்தது. 'ஜே ஃபயீ தொம்பே' என்றால் 'விழப் பார்த்தேன்', அதாவது விழுவதற்கு ஒரு நூலிழைதான் குறைந்தது. ஆங்கிலத்தின் 'ஃபெயில்', 'ஃபால்ட்', 'ஃபால்ஸ்' மூன்றுக்கும் மூலம் அந்த லத்தீன் வினைதான். பழைய பிரெஞ்சில் 'ஃபோ' என்பதற்கு 'குறைகிறது', 'இல்லாமல் இருக்கிறது' என்றே பொருள். 'எனக்கு ரொட்டி குறைகிறது' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் 'இவருக்கு ரொட்டி தேவை' என்று புரிந்துகொள்வார். நாளடைவில் குறை பின்னால் போய்த் தேவை முன்னால் வந்தது. பிறகு பொருளுக்குப் பதிலாகச் செயலும் அந்த இடத்தில் உட்கார்ந்தது. ரொட்டி குறைந்ததுபோல் போவதும் குறையலாயிற்று: 'இல் ஃபோ பார்த்திர்', போக வேண்டும்.

பழம்பொருள் முழுவதும் மறையவில்லை. 'பெ சான் ஃபோ' என்ற தொடர் இன்றும் எழுத்தில் உண்டு. 'அதற்குக் கொஞ்சம்தான் குறை', 'கிட்டத்தட்ட' என்று பொருள். 'ஃபல்வார்' என்ற அகராதி வடிவம்கூடப் பின்னால் செய்துகொண்டதுதான். 'இல் வோ' (மதிப்புடையது) என்பதற்கு 'வல்வார்' இருப்பதுபோல், 'இல் ஃபோ'வுக்கு ஒரு 'ஃபல்வார்' வேண்டும் என்று பேசுவோர் வாய் தானே அமைத்துக்கொண்டது. வினைமுற்று முதலில் வந்தது, அகராதி வடிவம் பிறகு வந்தது. இலக்கணம் எழுதுகிறவர்களைவிடப் பேசுகிறவர்கள் எவ்வளவு ஒழுங்கானவர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

'இல் ஃபோ' வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது 'எஸ்தொவ்வார்' என்ற பழைய வினை. 'தேவை இருக்கிறது' என்று பொருள்படும் 'எஸ்த் ஓபுஸ்' என்ற லத்தீன் தொடரிலிருந்து அது வந்ததாகச் சொல்வார்கள். நடுக்காலக் கதைப்பாடல்களில் எங்கும் காணக் கிடைக்கும் அந்த வினை பிரெஞ்சிலிருந்து அடியோடு மறைந்துவிட்டது. நார்மானியர் கொண்டுபோன சட்டப் பிரெஞ்சு வழியாக இங்கிலாந்தில் மட்டும் ஒரு துண்டு தப்பியது. குத்தகைதாரர் தம் தேவைக்கு விறகும் மரமும் எடுத்துக்கொள்ளும் உரிமையை ஆங்கிலேயச் சட்டம் 'எஸ்டோவர்ஸ்' என்கிறது. செத்துப்போன ஒரு பிரெஞ்சு 'வேண்டும்' அது.

'இல் மெ ஃபோ து பேன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'எனக்கு வேண்டும் ரொட்டி'. நடுவில் உள்ள 'மெ' நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல 'நான்' எழுவாயாகி, 'தேவைப்படு' என்ற வினையை ஏற்க வேண்டும். தமிழிலும் பிரெஞ்சிலும் தேவைப்படுகிற ஆள் எழுவாயாக நிற்பதில்லை; தேவை அவரிடம் வந்து சேர்கிறது. எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவளுக்கு வேண்டும்: இல் மெ ஃபோ, இல் தெ ஃபோ, இல் லுய் ஃபோ. ஐந்து நிமிடத்தில் கற்றுத்தரக்கூடிய பாடம் இது. ஆங்கில வழியில் இதற்கு 'ஆளற்ற வினையும் மறைமுகச் செயப்படுபொருளும்' என்று தலைப்பிட்டு ஒரு வாரம் நடத்துகிறார்கள்.

ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்கவும் கூடாது. தமிழ் 'வேண்டும்' விருப்பத்திலிருந்து வந்தது. வேண்டினான், வேண்டுதல், வேண்டியவர் என்ற சொற்களில் அந்த விருப்பம் இன்னும் இருக்கிறது. அதனால் 'எனக்கு ஒரு காப்பி வேண்டும்' என்பதில் ஆசையும் இருக்கலாம், அவசியமும் இருக்கலாம். பிரெஞ்சு அவற்றைப் பிரித்துவிட்டது. ஆசைக்கு 'வூல்வார்', அவசியத்துக்கு 'ஃபல்வார்'. பாரிசில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து 'இல் மெ ஃபோ அன் கஃபே' என்றால், காப்பி இல்லாமல் உயிர் தரிக்காது என்ற தொனி வந்துவிடும். 'ஜெ வூத்ரே', எனக்கு வேண்டியிருந்தது என்பதுபோல் சற்றுத் தள்ளி நின்று கேட்பதே அங்கு வழக்கம். சந்தையில் காய்கறி வாங்கும்போது 'இல் மெ ஃபோத்ரே இரண்டு கிலோ' என்று கேட்பவர்கள் உண்டு. சமையலுக்கு இவ்வளவு தேவைப்படும் என்ற கணக்கு அதில் இருப்பதால் அது பொருந்துகிறது. பேச்சுத் தமிழில் 'நான் போகணும்', 'எனக்குப் போகணும்' இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். முன்னதில் கட்டாயம் தெரிகிறது, பின்னதில் மனம் தெரிகிறது. ஆனால் 'இல் மெ ஃபோ பார்த்திர்' என்றால் அது முன்னதுதான். நான் போயாக வேண்டும். அதிலே மனத்துக்கு வேலை இல்லை.

இனிக் கடன். 'தெவ்வார்' என்ற வினையின் மூலம் லத்தீன் 'தெபேரே'. அதைப் பிரித்தால் 'தெ' (இருந்து), 'ஹபேரே' (வைத்திருத்தல்). இன்னொருவரிடமிருந்து பெற்றதைக் கையில் வைத்திருத்தல், அதாவது கடன்பட்டிருத்தல். இந்த முதற்பொருள் இன்றும் அன்றாட வழக்கில் அப்படியே இருக்கிறது. 'ஜெ துவா சான் எரோ ஆ மொன் ஃப்ரேர்' என்றால் 'என் சகோதரனுக்கு நூறு யூரோ தர வேண்டியிருக்கிறது'. அதே 'ஜெ துவா'வுக்குப் பின் ஒரு வினை வந்தால், 'ஜெ துவா பார்த்திர்', நான் போக வேண்டும். கடமைக்குப் பெயர்ச்சொல்லும் 'தெவ்வார்' தான். அதன் பன்மை 'லே தெவ்வார்' என்பது பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். பணக்கடனைக் குறிக்கும் 'தெத்' என்ற சொல்லும் இதே வேர்.

தமிழ் வாசகருக்கு இதில் ஆச்சரியப்பட ஏதும் இருக்கக் கூடாது. கடன் என்ற நம் சொல் இந்த இரண்டு வேலையையும் ஈராயிரம் ஆண்டாகச் செய்துவருகிறது. புறநானூற்றின் 312ஆம் பாடலில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய வேலையை வகுத்துச் சொல்லும்போது கையாளும் சொல் கடன்தான். இன்றைய பேச்சிலும் காலைக்கடன், நேர்த்திக்கடன், இறுதிக்கடன் எல்லாம் வங்கிக் கடனோடு ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கின்றன. கடமையும் கடப்பாடும் அதன் உறவுகளே. நன்றி சொல்லும்போது 'உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்' என்கிறோம். பிரெஞ்சுக்காரர் 'கட்டு' என்ற பொருள்கொண்ட வேறொரு வினையை எடுத்து 'ஜெ வூ சுயி ஒப்லிஜே' என்று அதையே சொல்வார். செய்ய வேண்டியதற்கும் செய்த உதவிக்கும் ஒரே சொல்லை வைப்பதில் இரண்டு சமூகங்களும் ஒரேபோல நினைத்திருக்கின்றன.

ஒரு வேறுபாடு உண்டு, அது கவனிக்கத்தக்கது. தமிழில் கடமை உடையவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்: தந்தைக்குக் கடன், வேந்தனுக்குக் கடன். பிரெஞ்சில் அவர் எழுவாயாக நிற்கிறார். யாருக்குச் செய்ய வேண்டுமோ அவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். அதனால் 'தெவ்வார்' எப்போதும் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. துவா, தெவோன், துவாவ் என்று ஆளுக்கு ஆள் வடிவமும் மாறுகிறது. 'இல் ஃபோ' வானிலை அறிக்கைபோல: நிலைமை இப்படி இருக்கிறது, ஆகவே இது செய்யப்பட வேண்டும். 'தெவ்வார்' கணக்குப் புத்தகம்போல: இன்னார் பெயரில் இவ்வளவு நிற்கிறது. மழை வரும்போல இருந்தால் 'இல் ஃபோ' குடை எடுத்துக்கொள்ள. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருந்தால் 'ஜெ துவா'. பேச்சில் இரண்டும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதுண்டு. எல்லை வேலிபோட்டு அடைக்கப்பட்டதல்ல. ஆனால் கனமான இடத்தில் எழுத்தாளர் எதைத் தேர்கிறார் என்பது பொருளை மாற்றும். வோல்தேரும் காம்யுவும் கடைசி வாக்கியத்தில் 'தெவ்வார்' போட்டிருந்தால் அது அறிவுரை ஆகியிருக்கும்.

கடனாகவே நிற்கும் 'தெவ்வார்'ஐப் பார்க்க வேண்டுமானால் பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பைத் திறக்க வேண்டும். நெப்போலியன் காலத்தில், 1804இல் இயற்றப்பட்ட அந்தத் தொகுப்பின் 212ஆம் பிரிவில், கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் நம்பகத்தையும் உதவியையும் துணையையும் 'கடன்பட்டவர்கள்'. வினை 'தெவ்வார்', பின்னால் வருவன பெயர்ச்சொற்கள். கடன் கொடுக்கல் வாங்கலின் அதே வாக்கிய அமைப்பு. 2006இல் ஒரு திருத்தம் வந்து 'மதிப்பு' என்ற சொல்லைப் பட்டியலின் தலையில் சேர்த்தது. 371ஆம் பிரிவின்படி பிள்ளைகள் எந்த வயதிலும் பெற்றோருக்கு மரியாதை 'கடன்பட்டவர்கள்'. 1804இன் 213ஆம் பிரிவிலும் இதே வினைதான்: கணவன் மனைவிக்குக் காவல் கடன்பட்டவன், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் கடன்பட்டவள். ஒரே வினை, இரண்டு எழுவாய்கள், எவ்வளவு ஏற்றத்தாழ்வான கணக்கு! அந்தக் கீழ்ப்படிதலைச் சட்டம் 1938இல்தான் தள்ளுபடி செய்தது.

இந்தச் சட்டம் தமிழ் வீடுகளுக்கும் வந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் 1819இல் அறிவிக்கப்பட்டன. இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் தத்தம் வழக்கங்களின்படியே திருமணமும் வாரிசுரிமையும் வைத்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, தம் வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர விரும்புகிறவர்களுக்கு வழி திறந்தது. அப்படி வந்தவர்களைத்தான் 'ரெனோன்சான்' என்றார்கள். அவர்கள் குடும்பங்களின் வழியினரும், பின்னாளில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களும் பிரான்சின் நகரமன்றங்களில் மணம் முடிக்கும்போது, மூவண்ணப் பட்டை அணிந்த அதிகாரி 212ஆம் பிரிவை வாசிக்கக் கேட்கிறார்கள். அதை வாசிப்பது சட்டப்படி கட்டாயம். தாலி கட்டும் மேடையில் கேட்கும் வாழ்த்துக்கும் இதற்கும் தூரம் அதிகம். ஆனால் அந்த வினையின் பொருளைத் தமிழில் கேட்டால், கடன் என்பதைத் தவிர வேறு பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை.

1789இன் மனித உரிமை அறிக்கைத் தலைப்பில் உரிமைகள் மட்டுமே இருந்தன. 1795 அரசியலமைப்புக்கு முன்னுரையாக வந்த அறிக்கை 'உரிமைகளும் தெவ்வார்களும்' என்று தலைப்பிட்டுக்கொண்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 1943இல், லண்டனில் விடுதலைப் பிரான்சுக்காக வேலை செய்துகொண்டிருந்த சிமோன் வேய், உரிமைக்கு முன்னதாகக் கடப்பாடே வருகிறது என்று வாதிட்டு ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1949இல் காம்யு தம் வரிசையில் அதை வெளியிட்டார். மனிதப் பிறவிக்கு ஆற்றவேண்டிய கடமைகளின் அறிக்கைக்கு ஒரு முன்னுரை என்பதுபோன்ற அந்நூலின் துணைத்தலைப்பில் உள்ள சொல்லும் 'தெவ்வார்' தான். 'இல் ஃபோ'வால் அந்த நூலுக்குத் தலைப்பிட முடியாது. அதற்குப் பெயர்ச்சொல்லே கிடையாது. குறைக்குக் கணக்குப் புத்தகம் இல்லை.

எதிர்மறைக்கு வருகிறேன். மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், தவறினால் மரியாதைக்கே கேடு வருவதும் இங்கேதான். 'இல் ஃபோ' என்றால் வேண்டும். அதை மறுத்தால் 'வேண்டியதில்லை' வரும் என்று யாரும் நினைப்பார்கள். வருவது 'கூடாது'. வீட்டுக்கு விருந்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர் தட்டில் உள்ளதைச் சிரமப்பட்டுச் சாப்பிடுகிறார். 'முழுவதையும் முடிக்க வேண்டியதில்லை' என்று அன்பாகச் சொல்ல நினைத்து, வீட்டுக்காரர் 'இல் நெ ஃபோ பா ஃபினிர்' என்கிறார். விருந்தாளி காதில் விழுவது: 'முடிக்கக் கூடாது.' சொல்ல வேண்டியது 'வூ நெத் பா ஒப்லிஜே', நீங்கள் கட்டாயப்பட்டவர் அல்லர். அல்லது 'ச நே பா லா பேன்', சிரமப்பட வேண்டாம்.

ஏன் இப்படி? மறுப்புச் சொல் 'ஃபோ'வின்மேல் உட்கார்ந்திருந்தாலும், அது மறுப்பது பின்னால் வரும் செயலை. 'முடிக்காமல் இருப்பது வேண்டும்' என்பதே உள்ளே உள்ள பொருள். தமிழிலும் இது நடக்கிறது. 'நான் போக விரும்பவில்லை' என்றால் விருப்பம் என்று ஒன்று இல்லை என்பதல்ல. போகாமல் இருக்கவே விரும்புகிறேன் என்பதுதான். தமிழ் 'வேண்டாம்' இரண்டு பக்கமும் சாயும்: 'நீ போக வேண்டாம்' என்பதில் தேவையில்லை என்ற தளர்வும் இருக்கலாம், போகாதே என்ற தடையும் இருக்கலாம், குரல்தான் தீர்மானிக்கும். பிரெஞ்சு தடைப் பக்கமே சாய்ந்து நின்றுவிட்டது. ஆனால் நமக்குக் கூடாது, வேண்டாம், வேண்டியதில்லை, தேவையில்லை என்று நான்கு தனித்தனிக் கதவுகள் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்திக் கற்பித்தால் தவறு நேராது. 'இல் நெ ஃபோ பா' எதிரே 'கூடாது' என்று ஒரே சொல்லை எழுதிவைத்தால் போதும். 'இல் நெ ஃபோ கெ' என்ற வேறொரு அமைப்பும் உண்டு. 'பா' இருந்த இடத்தில் 'கெ' வந்தால் பொருள் 'இவ்வளவு போதும்' என்று மாறிவிடும்.

இறந்த காலம் இன்னும் சுவையானது. மூன்று நிலைகளை எண்ணிப் பாருங்கள். ஒருவர் கட்டாயத்தால் ஊருக்குப் போனார். ஒருவர் வீட்டில் விளக்கு எரியவில்லை, ஊருக்குப் போயிருப்பார் என்று ஊகிக்கிறோம். ஒருவர் போக வேண்டிய கடமை இருந்தும் போகவில்லை. பிரெஞ்சு முதல் இரண்டையும் ஒரே வாக்கியத்தால் சொல்கிறது: 'இல் அ தியூ பார்த்திர்'. மூன்றாவதற்கு மட்டும் 'இல் ஒரே தியூ பார்த்திர்' என்று தனி வடிவம். தமிழோ முதலாவதைத் தனியே பிரித்து 'போக வேண்டியிருந்தது' என்கிறது; இரண்டாவதையும் மூன்றாவதையும் 'போயிருக்க வேண்டும்' என்று ஒரே வடிவத்தில் வைக்கிறது. 'அவர் நேற்றே போயிருக்க வேண்டும்' என்ற வாக்கியத்தை மட்டும் தனியே கேட்டால், அது ஊகமா குறைகூறலா என்று சொல்ல முடியாது. ஒரே நிலத்தை இரண்டு மொழிகளும் இரண்டு துண்டாகத்தான் பிரிக்கின்றன. வரப்பு வேறுவேறு இடத்தில் ஓடுகிறது.

கட்டாயமும் ஊகமும் ஒரே சொல்லில் ஏன் தங்குகின்றன? இதைப் பற்றி மொழியியலாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சரியாகப் படும் விடை எளிமையானது. கட்டாயத்தில் சூழ்நிலை செயலை நெருக்குகிறது. ஊகத்தில் சான்றுகள் முடிவை நெருக்குகின்றன. இரண்டிலும் வேறு வழியில்லை. 'இல் துவா எத்ர் மலாத்', அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும். பிரெஞ்சில் இந்த ஊக வேலையைப் பெரும்பாலும் 'தெவ்வார்' செய்கிறது, 'ஃபல்வார்' அரிதாகவே செய்கிறது. ரயில் எட்டு மணிக்கு வர வேண்டும் என்ற அட்டவணைப் பேச்சுக்கும் 'தெவ்வார்' தான். வரலாறு எழுதுகிறவர்கள் 'மூன்றாண்டு கழித்து அவர் இறக்கவிருந்தார்' என்று விதியின் குரலில் சொல்லும்போதும் 'இல் தெவே மூரீர்' என்கிறார்கள். மரணமும் ஒரு கடன் என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது.

'இல் ஃபோ'வுக்குப் பின் ஆளைச் சொல்ல வேண்டுமானால் 'கெ' போட்டுத் தனி வாக்கியம் தொடங்க வேண்டும்; அதன் வினை சப்ஜங்க்டிவ் என்னும் விழைவு வடிவத்தில் இருக்க வேண்டும். 'இல் ஃபோ கெ ஜெ பார்த்', நான் போக வேண்டும். மாணவர்கள் இந்த வடிவத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்சத் தேவையில்லை. நடந்ததைச் சொல்லும் வினைக்கும், நடக்க வேண்டும் என்று மனத்தில் மட்டும் இருக்கும் வினைக்கும் பிரெஞ்சு வேறு உடை போடுகிறது, அவ்வளவே. தமிழில் 'போக' என்ற செயவென் எச்சம் காலம் காட்டாமல் 'வேண்டும்'முன் நிற்பதும் அந்தச் செயல் இன்னும் நடக்கவில்லை என்பதால்தான். கனடாவின் ஒட்டாவா பகுதிப் பேச்சுப் பிரெஞ்சை நீண்டகாலம் ஆய்ந்த ஷானா பாப்லாக், மக்கள் வாயில் இந்த வடிவம் வருவது ஒரு சில வினைகளுக்குப் பின்னால்தான், அவற்றில் முதலிடம் 'ஃபல்வார்'க்கு என்று காட்டினார். ஆகவே சப்ஜங்க்டிவ் கற்க நூறு விதிகளைப் பட்டியலிடுவதைவிட 'இல் ஃபோ கெ' ஒன்றை நாவில் ஏற்றுவது பலன் தரும்.

பேச்சில் 'இல்' உதிர்ந்துவிடும். 'ஃபோ கெ ஜீ அய்', போகணும். எழுத்தில் 'வேண்டும்' என்பது பேச்சில் 'ணும்' ஆகத் தேய்ந்ததைப்போல. நிபந்தனை வடிவத்தில் வந்தால் குரல் தணியும்: 'தியு தெவ்ரே', நீ செய்தால் நல்லது, 'இல் ஃபோத்ரே', செய்யலாமே. கட்டளையை அறிவுரையாக்கும் வடிவமாற்றம் இது, வயதில் மூத்தவரிடம் பேசும்போது இதை மறக்கக் கூடாது. ஆள் இல்லாத 'இல் ஃபோ'வுக்கு ஒரு தீங்கும் உண்டு. 'ஃபோ கோன்', நாம் இதைச் செய்ய வேண்டும் என்று எல்லாரும் சொல்லி யாரும் செய்யாமல் போகலாம். இப்படி எளிய தீர்வுகளை அடுக்கிவிட்டு நகர்கிறவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் 'யாகா ஃபோகோன்' என்று பெயரிட்டு அழைப்பார்கள். 'கொம் இல் ஃபோ', வேண்டியவாறு என்ற தொடர் வேறு திசையில் போனது: குறையில்லாத நடத்தைக்கு அளவுகோலாகி ரஷ்ய மேட்டுக்குடி வரை சென்றது. தோல்ஸ்தோய் தம் 'இளமை' நாவலில் ஒரு முழு அத்தியாயத்துக்கு அந்தப் பெயரே வைத்தார்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். 'அவ்வார் பெஸ்வேன் தெ' தேவையைச் சொல்லும். 'எத்ர் தெனு தெ' சட்டக் கட்டுப்பாட்டைச் சொல்லும். பலகைகளில் வினையெச்சமோ பெயரோ தனியே நிற்கும். 'அவ்வார் ஆ', செய்ய வேண்டியது கையில் இருக்கிறது என்ற அமைப்பு மட்டும் ஒரு கணம் நின்று பார்க்கத்தக்கது. பிற்கால லத்தீனில் 'கந்தாரே ஹபேஓ', பாடுதல் எனக்கு உள்ளது, என்று சொன்னார்கள். 'ஹபேஓ' தேய்ந்து வினையோடு ஒட்டி 'ஷாந்த்ரே' ஆயிற்று. அதுதான் இன்றைய பிரெஞ்சின் எதிர்காலம்: பாடுவேன். பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு முறை 'நாளை செய்வேன்' என்று சொல்லும்போதும் பழைய கட்டாயம் ஒன்று வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துக் கட்டளைகள் பிரெஞ்சில் எதிர்கால வினையிலேயே சொல்லப்படுவதில் வியப்பில்லை.

சட்டம் எழுதுகிறவர்கள் இன்னும் ஒருபடி மேலே போகிறார்கள். பிரெஞ்சு அரசு சட்டமியற்றுவோருக்காக வைத்திருக்கும் வழிகாட்டி நூல், 'தெவ்வார்' போன்ற வினைகளைத் தவிர்த்து வெறும் நிகழ்கால வினையை எழுதச் சொல்கிறது. சட்டத்தில் நிகழ்காலத்துக்கே கட்டளை வலிமை உண்டு என்பது அதன் நியாயம். 'அமைச்சர் அறிக்கை அளிக்கிறார்' என்றால் அளித்தாக வேண்டும். வேண்டும் என்று சொல்வதன் உச்சம், வேண்டும் என்ற சொல்லே இல்லாமல் சொல்வது.

பிரெஞ்சு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதத்திலேயே கரும்பலகையில் இரண்டு வரி தமிழில் எழுதுங்கள். 'இல் மெ ஃபோ' எதிரே 'எனக்கு வேண்டும்', 'ஜெ துவா' எதிரே 'எனக்குக் கடன்'. அதன் கீழே 'இல் நெ ஃபோ பா' எழுதி, 'கூடாது' என்று அடிக்கோடிடுங்கள். 'மஸ்ட்' என்ற சொல்லை அந்தப் பாடம் முடியும்வரை வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம்.